ரெண்டு பக்கமும் பிளேடு வச்ச வாள் கேக்குற பிளேயருக்கு என்ன சொல்றது?

மூணாம்பகடை கேட்டது:

மக்களே, ஒரு யோசனை வேணும். எட்டு மாசமா நாலு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), அதாவது டேபிளைச் சுத்தி உக்காந்து பகடை உருட்டி கதையா ஆடுற கேம், அதோட 5வது எடிஷன்ல ஒரு கேம்பெயின், ஒரு தொடர்கதை, ஓட்டிட்டு இருக்கேன், கதையை நடத்துற டிஎம் நான்தான். போன மாசம் ஒரு பிளேயரோட கேரக்டர் செத்துப்போச்சு. அவங்க புதுசா ஒரு வீராங்கனையை எழுதிட்டு வந்தாங்க, மூணு பக்கத்துக்கு கதை, கையால வரைஞ்ச படம், அவ்ளோ ஆசையா பண்ணிருந்தாங்க. அந்தப் படத்துல இருக்கிற ஆயுதம்தான் இப்ப பிரச்சனை. நடுவுல ஒரு பிடி, பிடிக்கு ரெண்டு பக்கமும் வாள், பிடியில இருந்து நீளமா ஒரு சங்கிலி வேற தொங்குது, அதைப் பிடிச்சு சுத்தி அடிப்பா போலன்னு நாங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டோம்.

எங்க டேபிள்ல இன்னொருத்தர் இருக்காரு, பழைய போர்க்கருவி பத்தி நிறைய படிக்கிறவர். படத்தைப் பாத்த உடனே "இதை எடுத்து ரெண்டு சுத்து சுத்தினா அவ காலை அவளே வெட்டிக்குவா, இதெல்லாம் ஆயுதமே இல்ல"ன்னு சொல்லிட்டாரு. அவங்க முகம் வாடிப்போச்சு. அப்புறம் "நீ நெருப்பு கக்குற மந்திரவாதியா ஆடுற, என் வாள் மட்டும் நிஜமா இருக்கணுமா"ன்னு அவங்க கேக்க, இவரு பதில் சொல்ல, ஒரு மணி நேரத்துல செஷனை நிறுத்த வேண்டியதாயிடுச்சு. ரெண்டு பேருமே எனக்கு நெருங்கின நண்பர்கள்.

எனக்கு என்ன குழப்பம்னா, "ஃபேன்டஸிதானே விடு"ன்னு சொல்லவும் மனசு வரல. எங்க கேம்ல அம்பு எத்தனை மிச்சம் இருக்கு, கயிறு எத்தனை அடி, தீப்பந்தம் எவ்ளோ நேரம் எரியும்னு எல்லாம் கணக்கு வைக்கிறோம், அப்படி இருக்கும்போது வாளுக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாதுன்னா மத்ததெல்லாம் எதுக்குன்னு ஆயிடும். அதே சமயம் ஒருத்தர் ராத்திரி உக்காந்து வரைஞ்சதை கிழிச்சுப்போடவும் விருப்பம் இல்ல. நீங்க யாராவது இந்த மாதிரி ஆயுதத்தை டேபிள்ல விட்டிருக்கீங்களா? நிஜமாவே அது கொஞ்சமாவது வேலை செய்யுமா? ரூல்ஸ் எப்படி வைக்கிறது?

மழுங்கல்வாள் எழுதினது:

நண்பா, நான் ஆறு வருஷமா பழைய ஐரோப்பிய வாள்சண்டை கையேடுகளை வச்சு பயிற்சி பண்றவன், பெரும்பாலும் லாங்ஸ்வார்ட். உங்க நண்பர் சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் தப்பில்ல.

முதல்ல எடை. ஒரு நிஜ லாங்ஸ்வார்ட் 1.2ல இருந்து 1.5 கிலோதான் இருக்கும். ஆள் உயரத்துக்கு இருக்கிற பெரிய இருகை வாள் கூட, சண்டைக்குன்னு செஞ்சதா இருந்தா, 2ல இருந்து 3 கிலோ சொச்சம், அதுக்கு மேல போறதுல பலது ஊர்வலத்துல தூக்கிட்டு போக செஞ்சது. ஃபேன்டஸி படங்கள்ல வாளை எல்லா பக்கமும் ரெண்டு மடங்காக்கி வரையிறாங்க பாருங்க, நீளம் அகலம் கனம் மூணுமே ரெண்டு மடங்குன்னா எடை எட்டு மடங்கு. அது கூட பரவாயில்ல, அதை சுழட்ட ஆரம்பிக்கவும் சுழன்டதை நிறுத்தவும் ஆகுற பாடு 32 மடங்கு. பலசாலியா இருந்தா தூக்கிடலாம், ஆனா நிறுத்த முடியாது, வாள்சண்டையில நிறுத்துறதுதான் உயிரு.

இப்ப ரெட்டை முனை. நம்ம ஆளுங்க ரெண்டு பேர் ஒரு தடவை மர வாள் ரெண்டை அடியோட அடி சேர்த்து இறுக்கக் கட்டி ஒரு மத்தியானம் பூரா முயற்சி பண்ணோம். கம்பு சுத்தத் தெரிஞ்சவனுக்கு இது சுலபமா வரும்னு நெனச்சோம், வரல. ஏன்னா கம்புல கை நகரும், ஒரு கை வழுக்கிட்டு முன்னாடி போகும், ஒரு கை கடைசிக்கு வரும், அப்பதான் கம்போட முழு நீளமும் எதிரி பக்கம் போகும். இதுல ரெண்டு கையும் நடுவுல ஒரு ஜாண் இடத்துல மாட்டிக்கிச்சு, வழுக்கினா பிளேடு. அதனால கையில இருக்கிறது ரெண்டு மீட்டர் பொருளா இருந்தாலும் எட்டுறது சின்ன வாள் அளவுதான். வெட்ட வீசினா பின்னாடி இருக்கிற முனை நம்ம விலாவுக்கோ தொடைக்கோ வருது, எனக்கே தொடையில ரெண்டு தடவை பட்டுச்சு, அது நிஜ இரும்பா இருந்தா கதை முடிஞ்சுது. எதிர்ல நின்னவன் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு அடி உள்ள வந்தான், வந்து நடுப்பிடியை கையால அமுக்கிட்டான்.

சங்கிலி இன்னும் கஷ்டம். சங்கிலியில இருக்கிற எதை வச்சும் எதிரியோட அடியைத் தடுக்க முடியாது, அடிச்சதுக்கு அப்புறம் அது எங்க திரும்பி வரும்னும் கைக்குத் தெரியாது. 15ஆம் நூற்றாண்டுல செக் நாட்டு ஹுசைட் படைங்க நிஜமாவே பயன்படுத்தின சங்கிலித்தடி இருக்கு, ஆனா அது நீளமான கட்டை, முனையில சில வளையம் மட்டும் வச்ச குட்டைச் சங்கிலி, அதுல அடிக்கிற சின்னக் கட்டை, அவ்ளோதான், கதிர் அடிக்கிற கட்டையில இருந்து வந்தது. வளையுற ஆயுதம்னா நம்ம சுருள்வாள் இருக்கு. அதைக் கடைசியாத்தான் கத்துக்குடுப்பாங்க, ஏன்னா வேகம் குறைஞ்சா அது வீசுறவன் மேலயே திரும்பும், சுத்திட்டே இருக்கணும். முக்கியமான விஷயம், சுத்துறப்ப பக்கத்துல நம்ம கூட்டாளி ஒருத்தன் கூட நிக்க முடியாது. நாலு பேர் தோளோட தோள் நின்னு குகைக்குள்ள போற கேம்ல இதை யோசிச்சுக்கோங்க.

எட்டாம்லெவல் எழுதினது:

மேல சொன்னது எல்லாம் சரி, நான் ரூல்ஸ் பக்கம் இருந்து வர்றேன். 3வது எடிஷன் வந்த காலத்துல இருந்து ஆடிட்டு இருக்கேன்.

வேடிக்கை பாருங்க, நிஜ ஆயுதத்தையே இந்த கேம் சரியா எழுத ரொம்ப வருஷம் ஆச்சு. 1978ல வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி புத்தகத்துல இருகை வாளோட சுமை 250 தங்கக்காசு, பத்து காசுக்கு ஒரு பவுண்டுன்னு கணக்கு, அப்ப 25 பவுண்டு, பதினோரு கிலோவுக்கு மேல. தூக்குற சிரமத்தையும் சேர்த்து போட்ட கணக்குதான் அது, ஆனா படிக்கிறவன் மனசுல "வாள்னா அவ்ளோ கனம்"னுதான் பதிஞ்சுது. 2000ல 3வது எடிஷன்ல கிரேட்ஸ்வார்ட் 15 பவுண்டு, 2003ல 3.5ல 8 பவுண்டு, 2014ல 5வது எடிஷன்ல 6 பவுண்டு. இப்பதான் மழுங்கல்வாள் அண்ணன் சொல்ற 3 கிலோகிட்ட வந்திருக்கு. அதனால உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, அவரு கேரக்டர் ஷீட்ல இருக்கிற சாதாரண வாளும் ஒரு காலத்துல கற்பனை வாளாத்தான் இருந்துச்சு.

ரெட்டை முனை ஆயுதம் 3வது எடிஷன்ல ஒரு வரிசையே இருந்துச்சு: ரெட்டை முனை வாள், ஆர்க் இனத்தோட ரெட்டைக் கோடாலி, ரெண்டு பக்கமும் குண்டு தொங்குற டயர் ஃப்ளெயில், ஒரு பக்கம் சுத்தி ஒரு பக்கம் கொக்கின்னு நோம்ங்கற குட்டை இன ஆளுங்க வச்சிருக்கிற சுத்தியல். எல்லாத்துக்கும் எக்ஸாட்டிக் வெப்பன் ஃபீட் ஒண்ணு செலவு பண்ணணும் (ஃபீட்னா கேரக்டருக்கு எப்பவாவதுதான் கிடைக்கிற தனித்திறமை), ரெண்டு கையில ரெண்டு ஆயுதம் பிடிக்கிற ரூல்ஸ்தான், அடிக்கிற பகடையில அதே கழிவு. எங்க டேபிள்ல அதை எடுத்தவங்க ரொம்ப கம்மி, படம் பாத்து ஆசைப்படுவாங்க, கணக்குப் போட்டுட்டு விட்டுடுவாங்க.

ஆனா அதே பட்டியல்ல ஸ்பைக்டு செயின்னு ஒண்ணு இருந்துச்சு, முள்ளு வச்ச சங்கிலி. கைக்கு அடக்கமே இல்லாத பொருள், ஆனா எண்ணிக்கையில அது ராஜா. 10 அடி தூரத்துல அடிக்கும், மத்த நீள ஆயுதங்க மாதிரி இல்லாம பக்கத்துல ஒட்டி நிக்கிறவனையும் அடிக்கும், காலை வாரிவிடும், ஆயுதத்தைப் பறிக்க போனஸ், பலத்துக்கு பதிலா லாவகத்தை வச்சு அடிக்கிற வெப்பன் ஃபினெஸ் ஃபீட்டும் செல்லும். கூட காம்பேட் ரிஃப்ளெக்சஸ், இம்ப்ரூவ்டு டிரிப்னு ரெண்டு ஃபீட்டும் சேர்த்தா யாரும் கிட்டயே வர முடியாது, வந்தா விழுவான், எந்திரிச்சா அடி, அடிச்சு முடிச்சா மறுபடி வாரிவிடுவாங்க. நான் ஆடின மூணு கேம்பெயின்ல வரிசையா மூணு ஃபைட்டரும் முள்ளுச்சங்கிலி. ஒருத்தன் குள்ளன், ஒருத்தி இளவரசி, ஒருத்தன் ஓடிவந்த கைதி, மூணு பேர் கையிலயும் அதே சங்கிலி, கதை என்னவா இருந்தா என்னன்னு ஆகிப்போச்சு. எனக்கு அதுதான் வலிச்சுது, சங்கிலி சாத்தியமா இல்லையாங்கறது இல்ல. வினோதமான ஆயுதம் ஒண்ணு எல்லாருக்கும் லாபம்னு ஆயிட்டா அதோட வினோதம் அங்கயே செத்துடும்.

உங்க கேஸுக்கு வழி சொல்றேன். 2019ல எபரான்ங்கற டி அண்ட் டி உலகத்தைப் பத்தின புத்தகத்துல டபுள் பிளேடட் சிமிட்டார்னு ஒண்ணு வந்துச்சு, இருகை ஆயுதம், டேமேஜ் ரெண்டு நாலுபக்கப் பகடை, அட்டாக் பண்ண கையோட, அதே சுத்துல கூடுதலா கிடைக்கிற போனஸ் ஆக்‌ஷன்ல இன்னொரு அடி, அதுக்கு ஒரு நாலுபக்கப் பகடை. அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கோங்க, புதுசா எதுவும் எழுத வேணாம். சங்கிலிக்கு மட்டும் இப்போதைக்கு எந்த எண்ணும் குடுத்துடாதீங்க.

சும்மாவந்தவன் எழுதினது:

டிராகன் பறக்குது, செத்தவன் எழுந்து நடக்குறான், அதெல்லாம் ஓகே, ஒரு வாளுக்கு ரெண்டு முனை இருக்கக்கூடாதா ப்ரோ? ஆசையா வரைஞ்சிருக்காங்க, ஆடட்டும்.

மழுங்கல்வாள் எழுதினது:

ப்ரோ, இந்தக் கேள்வி எல்லா இடத்துலயும் வருது, அதனால ஒழுங்கா பதில் சொல்லிடறேன், கோபத்துல இல்ல. டிராகன் பறக்குறதை கதை முதல்லயே சொல்லிடுச்சு, இந்த உலகத்துல இது உண்டு, இதுக்கு நாங்க பயப்படுறோம்னு. நானும் சரின்னு உள்ள வந்துட்டேன். வாளுக்கு அப்படி யாரும் தனியா எதுவும் சொல்லல, அது என் கையில இருக்கிற பொருள், கை எப்படி மடங்கும், முழங்கை எங்க முட்டும்னு என் உடம்புக்கே தெரியும். டிராகனை நம்புறது கண்ணு, வாளை நம்புறது மணிக்கட்டு. அந்த உலகத்துல இந்த வாளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டா, மந்திரம்னாலும் சரி, வேற உடம்பு அமைப்புன்னாலும் சரி, நாலு கை இருக்கிற இனம்னாலும் சரி, நான் வாயே திறக்க மாட்டேன். யாரும் எதுவும் சொல்லாம விட்டதுதான் உறுத்துது.

நிழல்கோடு எழுதினது:

நான் கேமுக்கு கேரக்டர் வரையிறவ. அந்த வார்த்தைன்னு சொன்னாரே, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஆனா கொஞ்சம் சுத்தி வர்றேன்.

வீடியோ கேம்ல ஆயுதம் பெருசா இருக்கிறதுக்கு முதல் காரணம் நிழலுருவம். கேமரா தள்ளி இருக்கு, கேரக்டர் விரல் அளவு, உள்ள எல்லாத்தையும் கறுப்பா அடிச்சாலும் இவ யாருன்னு தெரியணும். 1997ல ஃபைனல் ஃபேன்டஸி 7 காலத்து மாடல்ல ஒரு நிஜ அளவு வாளை வச்சா மெல்லிசா ஒரு கோடுதான் தெரியும், அதோட ஹீரோ கிளவுட் முதுகுல இருக்கிற பலகை மாதிரி வாளை ஒரு தடவை பாத்தவங்க மறக்கவே மாட்டாங்க. அதனால டேபிள்ல வாயால சொல்லி ஆடுறப்ப அந்தத் தேவை கிடையாது, உண்மைதான், ஆனா உங்க பிளேயர் படம் வரைஞ்சிட்டு வந்திருக்காங்க, அவங்களுக்கு அந்தப் பொண்ணு முதல்ல நிழலாத்தான் தெரிஞ்சிருப்பா.

ரெண்டாவது, பெரிய ஆயுதம் உறுத்தாம இருக்கணும்னா அதுக்கு விலை வேணும். மான்ஸ்டர் ஹன்டர்ங்கற வீடியோ கேம்ல கிரேட் ஸ்வார்டை உருவி கையில வச்சிருந்தா ஓட முடியாது, திரும்ப முதுகுல போட்டுட்டுத்தான் ஓடணும், வீசினா வீசி முடியுற வரைக்கும் காத்திருக்கணும், நடுவுல மிருகம் வந்தா வாங்கிக்கணும். அந்தக் காத்திருப்புதான் கனம், பொம்மை மேல எழுதியிருக்கிற கிலோ இல்ல. அதோட எதிர்ல நிக்கிறது வீடு அளவு மிருகம், அதுக்கு சின்னக் கத்தி எடுத்துட்டு போனா அதுதான் அபத்தமா இருக்கும்.

எனக்கு முக்கியமா படுறது இதுதான்: இதை எதுக்கு எதிரா செஞ்சாங்க? நிஜ வரலாற்றுல இருக்கிற வினோத ஆயுதம் எதை எடுத்தாலும் இந்தக் கேள்விக்கு பதில் கிடைக்கும். இப்ப ருமேனியா இருக்கிற பகுதியில ரோமானியர்களை எதிர்த்த டேசியர்கள் வச்சிருந்த ஃபால்க்ஸ், உள்பக்கம் வளைஞ்ச அரிவாள் மாதிரி, கேடயத்துக்கு மேல எட்டி தலையில இறங்கும், அதுக்காக ரோமானிய வீரர்கள் ஹெல்மெட் மேல குறுக்கும் நெடுக்கும் இரும்புப் பட்டை அடிச்சாங்க. ஒரு ஆயுதம் எதிரியோட தொப்பியையே மாத்தியிருக்கு. சில சமயம் பதில் "வேற எதுவும் கிடைக்கல"ன்னு இருக்கும். ஃபேன்டஸியில சாவோட உருவமா வர்ற ஆளுங்க புல்லறுக்கிற பெரிய அரிவாளை அப்படியே வீசுவாங்க, அது சண்டைக்கு ஆகாது, கூர் உள்பக்கம் இருக்கு, தகடு மெல்லிசு. 1794ல போலந்து விவசாயிங்க ராட்ஸ்வாவிட்சேல நின்னப்ப அந்தத் தகட்டைக் கழட்டி கம்புக்கு நேரா நிமித்தி மாட்டிக்கிட்டாங்க, அப்பதான் அது ஆயுதம் ஆச்சு, பீரங்கியையே பிடிச்சாங்க. சரியா வராததும் உண்டு, 1838ல கிளம்பின அமெரிக்க கடற்படை ஆய்வுப் பயணத்துக்கு எல்ஜின்னு கத்தியும் கைத்துப்பாக்கியும் ஒண்ணா சேர்ந்தது 150 செஞ்சாங்க, ஒரு குண்டு, அப்புறம் கத்தி. துப்பாக்கியா பிடிச்சா முன்பக்கம் கனம், கத்தியா பிடிச்சா பிடி சரியில்ல. அப்பவும் யோசனை என்னன்னு புரியுதுல்ல, திரும்ப குண்டு போட நேரம் இல்லாத இடத்துக்கு செஞ்சது.

உங்க பிளேயர்கிட்ட "இது முடியுமா"ன்னு கேக்காதீங்க. "இதை யார் செஞ்சா, எந்த இடத்துல நின்னு சண்டை போட செஞ்சா"ன்னு கேளுங்க. அவங்க எழுதின மூணு பக்கத்துலயே இருந்தாலும் இருக்கும்.

மூணாம்பகடை எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, நேத்து அவங்ககிட்ட பேசினேன். நிழல்கோடு சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "நீங்க மூணாவது பக்கம் படிச்சீங்களா"ன்னு கேட்டாங்க.

படிக்கல. யாருமே படிக்கல, படத்தைப் பாத்துட்டு சண்டையில இறங்கிட்டோம். என் மேல தப்பு, அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்.

மூணாவது பக்கத்துல என்ன இருக்குன்னா, அந்தப் பொண்ணு ஒரு தொங்குபாலத்துக் காவல் குடும்பத்துல பொறந்தவ. ரெண்டு மலைக்கு நடுவுல கயித்துப் பாலம், ஒரு ஆள் அகலம்தான், காவலுக்கு ஒருத்தர்தான் நிக்க முடியும், ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆள் வரலாம், திரும்புறதுக்கு இடம் கிடையாது, வேகமா திரும்பினா பாலமே ஆடும். அதனால திரும்பாமலேயே முன்னாடியும் பின்னாடியும் குத்துற மாதிரி ஆயுதம். வீசவே மாட்டாங்க, வீசினா கயிறு அறுந்துடும்! அந்த சங்கிலி சுத்தி அடிக்கிறதுக்கு இல்லவே இல்ல. ஒரு முனை பிடியில, இன்னொரு முனை பாலத்துக் கயித்துல மாட்டிக்குவாங்க, கை தவறினா ஆயுதம் பள்ளத்துக்குள்ள போயிடக்கூடாதுன்னு. அவ பாலத்தை விட்டு கிளம்பி வந்துட்டா, சங்கிலியை மட்டும் கழட்ட மனசு வரல, அதான் தொங்குது.

இதை அப்படியே அந்த நண்பருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சு போன் பண்ணாரு, குரலே மாறியிருந்துச்சு. கிரேக்க ஈட்டியோட அடியில சாரோட்டர்னு வெண்கல முனை ஒண்ணு இருக்கும், முன்முனை உடைஞ்சா திருப்பிக் குத்துவாங்க, ராஜபுத்திரர்கள்கிட்ட ஹலாடின்னு ரெண்டு பக்கமும் கத்தி இருக்கிற குத்துவாள் இருந்துச்சு, இதெல்லாம் எனக்கே தெரியும், தெரிஞ்சும் நான் யோசிக்கலன்னு சொன்னாரு. அவங்களுக்கு அவரே போன் பண்ணி பேசிட்டாரு.

ரூல்ஸ் இப்படி வச்சிருக்கோம். எட்டாம்லெவல் சொன்ன சிமிட்டார் எண்ணிக்கை, ஆனா டேமேஜ் வெட்டு இல்ல, குத்து. குறுகலான வழி, படிக்கட்டு, பாலம் மாதிரி இடத்துல பின்னாடி வர்ற எதிரியை போனஸ் ஆக்‌ஷன்ல குத்தலாம். திறந்த வெளியில அந்த போனஸ் ஆக்‌ஷனே கிடையாது. இதை நான் சொல்லல, அவங்களே கேட்டு வாங்கினது, "அவ வெட்டவெளியில பயந்தவளா இருக்கணும், சுத்தி இடம் இருந்தா அவளுக்கு கை ஓடாது"ன்னாங்க. அதுல இருந்து எனக்கு அடுத்த நாலு செஷனுக்கு கதை கிடைச்சிருச்சு.

மழுங்கல்வாள் அண்ணா, ஒரு சந்தேகம். இப்ப குத்துறதுக்கு மட்டும்னா அளவு எல்லாம் மாறணுமா? அவங்க படத்தை திரும்ப வரையப் போறாங்க.

எட்டாம்லெவல் எழுதினது:

திறந்த வெளியில போனஸ் கிடையாதுன்னு அவங்களே கேட்டாங்களா! அந்தப் பிளேயரை விட்டுடாதீங்க. ஒண்ணே ஒண்ணு, எத்தனை அடி அகலம் வரைக்கும் குறுகல்னு இப்பவே எழுதி வச்சிடுங்க, 5 அடின்னு வைங்க, இல்லனா ஒவ்வொரு அறையிலயும் அளவெடுத்து வாக்குவாதம் வரும்.

மழுங்கல்வாள் எழுதினது:

நண்பா, படிச்சதும் எழுந்து போய் அந்தக் கட்டி வச்ச மர வாளை எடுத்து வீட்டு நடைவழியில நின்னு பாத்தேன். நாங்க அன்னைக்கு திறந்த மைதானத்துல நின்னு வீசிப் பாத்தோம், அதான் தொடையில பட்டுச்சு. நடைவழியில ரெண்டு முனையையும் ஒரே கோட்டுல வச்சு முன்னும் பின்னும் தள்ளினா பின்முனை இடுப்பை ஒட்டி நேரா போகுது, என் மேல வரவே இல்ல. நான் எழுதினது வீசுறதுக்குத்தான் பொருந்தும், இதுக்கு இல்ல.

அளவு கண்டிப்பா மாறணும். பிளேடு ரெண்டும் சின்னதாகட்டும், முழங்கை அளவு போதும், மிச்ச நீளம் எல்லாம் பிடிக்குப் போகட்டும், நாலு ஜாணாவது இருந்தாதான் கை வழுக்கி நீளம் கிடைக்கும். ரெண்டு பக்கமும் பிடி முடியுற இடத்துல சின்னதா ஒரு தடுப்பு வரையச் சொல்லுங்க, கை பிளேடுக்கு போயிடாம. கூர் முனையில மட்டும் இருந்தா போதும், பக்கவாட்டுல வேணாம், அதை இடுப்போட உரசிட்டுத்தான் அவ நிப்பா. சங்கிலியை பிடியோட சரியா நடுவுல ஒரு சுழல் வளையத்துல மாட்டணும், இல்லனா ரெண்டு தடவை குத்துறதுக்குள்ள முறுக்கிக்கும். பாலத்தை விட்டு நடந்து போறப்ப பின்முனைக்கு தோல் உறை போட்டுக்கட்டும், குகைக்குள்ள அவளுக்குப் பின்னாடி வர்றது நம்ம ஆளுங்க.